மிதித்தும் போகாத வண்டி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறிவிடாதே. அம்மா சௌக்கியம். முழங்கால் முன்னைவிட நன்றாக மடங்குகிறது. இப்போது ஊன்றுகோல் வெளியே போகும்போது மட்டும்தான். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. ஆனால் போன செவ்வாய்க்கிழமையிலிருந்து நான் நானாக இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை எடுத்தேன். உன் நம்பரைப் பார்த்ததுமே போனைக் கீழே வைத்துவிட்டேன். நாம் பேசி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. எடுத்த எடுப்பில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கும் என் பழைய ஆபீஸ் தலைமை கிளார்க்கைப் பார்க்கத் தனியாகக் கிளம்பினேன். அதே சிவப்பு காரில்தான். நீ அம்மாவை அழைத்துக்கொண்டு போன அன்று நடந்த விபத்துக்குப் பிறகு தகரத்தை நிமிர்த்தி, கதவை மாற்றி, பெயின்ட் அடித்து வைத்திருந்தேன். ஆனால் கடைக்கும், அம்மாவின் பிசியோதெரபிக்கும் தவிர அதை எடுத்ததே இல்லை. இரண்டு கிலோமீட்டர், மூன்று கிலோமீட்டர். அவ்வளவுதான் அதன் உலகம். அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரு மணி நேரம் விடாமல் ஓட்டினேன்.

ஒரு மேட்டில் முன்னால் ஒரு தண்ணீர் லாரி ஊர்ந்துகொண்டு போனது. எதிரே ரோடு காலி. லாரியை முந்த வலப்பக்கம் ஏறி, ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி போகவில்லை.

இன்னும் அழுத்தினேன். கால் தரையைத் தொட்டது. சத்தம் மட்டும் வருகிறது, இழுவை இல்லை. யாரோ பின்னாலிருந்து பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. அப்போது மேட்டு உச்சியில் ஒரு பஸ் தலை காட்டியது. லாரியைத் தாண்டவும் முடியவில்லை, பின்னால் வந்த வண்டிகள் லாரியை ஒட்டிவிட்டதால் பின்வாங்கவும் இடமில்லை. பஸ் டிரைவர் லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தது நினைவிருக்கிறது. என் வாயிலிருந்து என்ன சத்தம் வந்தது என்று தெரியவில்லை. லாரிக்காரர் புண்ணியவான், சட்டென்று பிரேக் போட்டு எனக்கு இடம் விட்டார். உள்ளே ஒடித்தேன். பஸ் என் கண்ணாடியை உரசாத குறையாகப் போயிற்று.

ஓரமாக நிறுத்தினேன். லாரிக்காரர் இறங்கி வந்து, "பெரியவரே, உங்களுக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டார். நான் அவரிடம் என்ன சொன்னேன் தெரியுமா?

"மிதிச்சேங்க, போகல."

சொன்ன அந்த நொடியில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது என் வார்த்தை இல்லையே. ஆஸ்பத்திரி வராண்டாவில், சட்டையெல்லாம் அம்மாவின் ரத்தத்தோடு நின்றுகொண்டு நீ சொன்ன வார்த்தை. "மிதிச்சேன்பா, போகல." அதே இரண்டு வார்த்தைதான்.

அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது உனக்கு நினைவிருக்கும். முப்பத்தொரு வருடம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து, நொறுங்கிய வண்டிகளையே பார்த்துப் பழகின நான், "எல்லா டிரைவரும் இதைத்தான் சொல்லுவான்" என்றேன். அத்தை, மாமா, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னேன். பிறகு சர்வேக்கு வந்த பையனிடமும், "எதிரே பஸ் வர்றப்ப அவசரப்பட்டு ஓவர்டேக் பண்ணிட்டா, கணக்கு தப்பிடுச்சு" என்று நானே எழுதச் சொன்னேன்.

கால் மணி நேரம் கழித்து வண்டியைக் கிளப்பினேன். ஒன்றுமே நடக்காத மாதிரி சமர்த்தாகப் போயிற்று. மறுநாள் காலை வழக்கமாகப் போகும் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கும் மேற்பார்வையாளர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, "வண்டி சூப்பரா இருக்கு சார். வயசாகுதுல்ல, பார்த்து ஓட்டுங்க" என்றார். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. சத்தம் போட வாயைத் திறந்தேன். அந்தக் குரல், அந்த லேசான சிரிப்பு, எல்லாம் எனக்குத் தெரிந்ததாக இருந்தது. நான் இப்படித்தான் பேசுவேன். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மாவின் பிசியோதெரபிஸ்ட்தான் டிப்போ அக்காவைப் பற்றிச் சொன்னாள். பஸ் டிப்போவில் இருபது வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது டயர் கடைக்குப் பின்னால் சொந்தமாக ஒரு ஷெட் போட்டிருக்கும் அம்மாள். ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். நான் சொன்னதை ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டார். சந்தேகப்படவில்லை. "அப்ப இன்ஜின் சூடா இருந்துச்சா? எவ்வளவு நேரம் ஓடியிருக்கும்? மேடா, சமதரையா?" இவ்வளவுதான் கேட்டார். குட்டிம்மா, இந்த மூன்று கேள்வியை நான் உன்னிடம் கேட்டிருக்கலாம்.

"ஷெட்டுல வச்சுப் பார்த்தா இது சிக்காது சார், வாங்க" என்று, வண்டியின் கம்ப்யூட்டர் சொல்வதைத் திரையில் காட்டும் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதே ரோடு. ஒரு மணி நேரம் ஓட்டினேன். மேடு வந்தது. பின்னால் முன்னால் யாரும் இல்லாதபோது மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். வண்டி அடங்கிப்போனது. டாஷ்போர்டில் இன்ஜின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்தது. அவர் திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்க, கம்ப்யூட்டர் கேட்ட காத்து இவ்வளவு, டர்போ கொடுத்தது இவ்வளவு. பாதிகூட இல்ல" என்றார்.

ஷெட்டுக்கு வந்ததும் சூடு ஆறுவதற்குள் பானெட்டைத் திறந்தார். எனக்கும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே செய்தார். இன்ஜினுக்குக் காற்றை அழுத்திக் கொடுக்கும் டர்போவுக்குள் ஒரு சின்னக் கதவு இருக்கிறதாம். இழுவை வேண்டும்போது அது மூடிக்கொள்ள வேண்டும், வேண்டாதபோது திறந்து புகையை வெளியே விட வேண்டும். அதைத் தள்ளி இழுக்கிற தண்டும் டப்பாவும்தான் ஆக்சுவேட்டர். முதலில் ரப்பர் குழாயில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. தண்டைக் கதவோடு சேர்க்கும் கிளிப்பைக் கழற்றிவிட்டு, கைப்பம்பால் டப்பாவுக்குக் காற்றடித்தார். தண்டு அழகாக நீண்டு, அழகாகத் திரும்பி வந்தது. "இவன் மேல தப்பில்ல. எல்லாரும் அவசரப்பட்டு இவனைத்தான் மாத்துவாங்க" என்றார். கடைசியாகக் கதவின் கையைக் குறட்டால் பிடித்துத் தள்ளினார். பாதி வரை வந்து கல் மாதிரி நின்றுவிட்டது. திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டது. மூட மறுத்தது.

"இப்ப டீ குடிக்கலாம்" என்றார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். வண்டி ஆறியதும் என்னையே தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒற்றை விரலால் தள்ளினேன். வெண்ணெயாக நகர்ந்தது! "அதான் சார். ஆறினா நல்லவன் வேஷம் போடுவான். சூடானாத்தான் புத்தியைக் காட்டுவான். கதவோட அச்சுல துரு. கிட்டக்கிட்டவே ஓட்டுற வண்டிக்கு இது வரும்" என்றார். விபத்துக்கு முன்னாலும் நான் அதைப் பெரும்பாலும் ஊருக்குள்தான் ஓட்டினேன். விபத்துக்கு அப்புறம் எத்தனை பேர் பார்த்தார்கள், நான் பார்த்தேன், எல்லோரும் ஆறிப்போன வண்டியைத்தான் பார்த்தோம்.

உன் விஷயத்தை அப்போது அவரிடம் சொன்னேன். அவர் நியாயஸ்தர். "அன்னைக்கு என்ன ஆச்சுன்னு நான் சத்தியம் பண்ண முடியாது சார். ஆனா உங்க பொண்ணு சொன்னது நடக்கவே நடக்காதுன்னு இனிமே எவனும் சொல்ல முடியாது" என்றார். பிறகு, துணியில் கையைத் துடைத்துக்கொண்டே, "விபத்துக்கு முன்னாடி எப்பவாவது இந்த லைட் எரிஞ்சுதா?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.

இதற்கு மேல் நேற்று எழுத முடியாமல் பேனாவை மூடி வைத்துவிட்டேன். இன்று எழுதிவிடுகிறேன்.

எரிந்தது, குட்டிம்மா. விபத்துக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால், ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நான் திரும்பி வரும்போது எரிந்தது. வண்டி கொஞ்சம் மந்தமாகவும் இருந்தது. மறுநாள் ஒர்க்ஷாப்பில் காட்டினேன். ஏதோ மிஷினை மாட்டி விளக்கை அழித்துவிட்டு, "ஒண்ணுமில்ல சார், சென்சாரா இருக்கும்" என்றார்கள். நானும் விட்டுவிட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. நீ அம்மாவை அழைத்துக்கொண்டு வெளியூர் கிளம்பிய அன்று, சாவியை உன் கையில் கொடுத்தது நான்தான். அப்போதும் சொல்லவில்லை.

அது மறதி என்றால் மன்னிக்கலாம். இன்னும் ஒன்று இருக்கிறது. அந்த ஆஸ்பத்திரி வராண்டாவில் நீ "போகல" என்று சொன்னபோது, அந்த மஞ்சள் விளக்கு என் கண் முன்னால் வந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். உடனே அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, உன்னைத் திட்ட ஆரம்பித்தேன். அவ்வளவு சத்தமாகத் திட்டினதே அதனால்தானோ என்று இப்போது தோன்றுகிறது. நான் இப்படிப்பட்டவன் என்று அறுபத்தாறு வயதில் தெரிந்துகொண்டேன். நாற்காலியிலிருந்து எழுந்திருக்க முடியாமல் அந்த ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். டிப்போ அக்கா எதுவும் கேட்காமல் மின்விசிறியை என் பக்கம் திருப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் இடிந்துபோவாள் என்று நினைத்தேன். துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேனே. கார் அப்படியே மூச்சு விட்டு அடங்கிப்போச்சு, புள்ள மேல தப்பில்லன்னு ஆஸ்பத்திரியில சொன்னேன். நீங்கதான் நர்ஸ்கிட்ட, மருந்து மயக்கத்துல உளர்றான்னு சொன்னீங்க" என்றாள். அவள் சொன்னதே என் காதில் விழுந்த நினைவில்லை. ஏன் அப்புறம் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்ககிட்டயா?" என்றாள். இவ்வளவு வருடம் கூட வாழ்ந்தவள், ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்.

டர்போவின் அந்தப் பாகத்தை மொத்தமாக மாற்றியாகிவிட்டது. எண்ணெய் விட்டுச் சமாளிக்கலாம், ஆனால் திரும்ப வரும் என்று டிப்போ அக்கா சொன்னார். சமாளிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சனிக்கிழமை ஓட்டிப் பார்க்கக் கிளம்பும்போது, அம்மா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு தானும் வருவேன் என்று நின்றாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு அதே மேட்டுக்குப் போனோம். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டு கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டாள். மிதித்தேன். முதுகை சீட்டோடு அழுத்திக்கொண்டு வண்டி பாய்ந்தது. உச்சிக்கு வந்ததும் அவள் கண்ணைத் திறந்து, "இப்படித்தான் அன்னைக்குப் போயிருக்கணும்" என்றாள். அப்புறம் அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள்.

திங்கட்கிழமை என் பழைய ஆபீஸுக்குப் போனேன். விளக்கு எரிந்தது, நான் மறைத்தது, டிப்போ அக்கா கண்டுபிடித்தது எல்லாவற்றையும் என் கையால் எழுதி, உன் கோப்பில் சேர்க்கச் சொன்னேன். இப்போது இருக்கும் அதிகாரி, "மூடின கோப்பு சார், இப்ப எதுக்கு?" என்றார். சேர்த்து முத்திரை குத்தும் வரை நான் நகரவில்லை. நகல் இதோடு இருக்கிறது. அத்தைக்கும் மாமாவுக்கும் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். அவர்கள் முன்னால்தானே உன்னைக் குற்றம் சொன்னேன்.

நீ இப்போது இருக்கும் ஊரில் நோயாளிகளின் வீடுகளுக்குக் காரில் போய்ப் பார்க்கும் வேலை வந்தபோது, ஓட்ட மாட்டேன் என்று நீ அதை விட்டுவிட்டதாக அம்மா முன்பு ஒருநாள் சொன்னாள். அன்றைக்கு அதைக் காதில் போட்டுக்கொள்ளாதவன் மாதிரி பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உன் கை நல்ல கை, மகளே. போகாத வண்டியை, பஸ்ஸுக்கு முன்னாலிருந்து ஓரத்துக்கு இறக்கி உன் அம்மாவை உயிரோடு கொண்டுவந்த கை அது. எனக்கு ஒரு லாரிக்காரர் இடம் விட்டார். உனக்கு அன்று யாரும் விடவில்லை.

என்னை மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு தடவை அடித்துவிட்டேன். அதைக் கேட்க எனக்கு இப்போதைக்குத் தகுதி இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். உனக்குக் கோபம் வந்தால், வந்த மாதிரியே எழுதி அனுப்பு. ஒரு பக்கமோ பத்துப் பக்கமோ, மரியாதை பார்க்காமல் திட்டு. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசித்துக் காட்டுகிறேன், ஒரு வரி விடாமல். இந்தத் தடவை குறுக்கே பேச மாட்டேன்.

நீ போகிற இடமெல்லாம் உனக்கு வழி விடட்டும்.

நீ சொன்னதை நம்பும்,
உன் அப்பா