மலரின் தம்பியைப் பற்றிய கட்டுரை

24 செப்டம்பர் 2024
தென் லண்டனில், எங்கள் மிச்சம் ஜங்ஷனில் ட்ராமைத் தவறவிட்டு வகுப்புக்குப் பிந்திப் போனேன். இந்த வயதில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பின் மேசையில் போய் இருப்பது கூச்சமாகத்தான் இருந்தது.
முழங்கால் பழுதாகி வேர்ஹவுஸ் வேலை போனபின் வீட்டில் சும்மா கிடந்த என்னை இந்தக் கல்லூரிக்கு அனுப்பியதே மனைவி வசந்தமலர்தான். வரலாறு, தத்துவம், இலக்கியம் எல்லாம் சேர்ந்த ஒரு வருடப் படிப்பு. தேறினால் பல்கலைக்கழகம் போகலாம். "எக்கவுண்ட்ஸ் படிச்சிருக்கலாமே" என்கிறார்கள் தெரிந்தவர்கள். மலர் மட்டும், "உங்களுக்கு விருப்பமானதைப் படியுங்கோ" என்றாள்.

15 அக்டோபர்
தத்துவம் படித்தால் தலை சுற்றுகிறது. வரலாறு பிடிக்கிறது.

12 நவம்பர்
போரைக் கண்ட ஒருவரைப் பேசவைத்து, பதிவு செய்து, அதிலிருந்து ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்றார் வரலாற்று ஆசிரியை லெஸ்லி. எனக்கு உடனே மலரின் ஞாபகம்தான் வந்தது. போர் முடிந்த பிறகு என்னைக் கலியாணம் செய்து லண்டன் வந்தவள். வன்னியில் போரின் கடைசி மாதங்களில் அவளுடைய தம்பி காணாமல் போனான். அதற்கு மேல் அவள் எனக்கு ஒன்றும் சொன்னதில்லை.
வகுப்பில் இதைச் சொன்னேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "அருமையான தலைப்பு" என்றார் லெஸ்லி. பெருமையாக இருந்தது.

17 நவம்பர்
கேட்டிருக்கக் கூடாது. சோறு போட்டுக்கொண்டிருந்தவளுக்கு முன்னால் போனை வைத்து ரெக்கோர்டரைப் போட்டேன் — மடையன்.
"என்ன இது?"
"தம்பியைப் பற்றிச் சும்மா கதையும். படிப்புக்குத்தான்."
கரண்டியை வைத்தாள். "அவன் இருக்கிறானா இல்லையா எண்டே எனக்குத் தெரியாது. அவனை வைச்சு உங்களுக்கு மார்க்ஸ் போடப் போகினமோ?"
ரெக்கோர்டரை நிறுத்தினேன். சாப்பிடாமலே ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

18 நவம்பர்
பேச்சில்லை.

21 நவம்பர்
அவளில பிழையில்லை எண்டு தெரியும். எண்டாலும் கோவம் வருது. நான் என்ன களவோ எடுக்கிறன்? அவனைப் பற்றி நாலு சனம் அறியட்டும் எண்டுதானே —
உண்மையாகவா? வகுப்பே திரும்பிப் பார்த்தபோது வந்த பெருமை, அவனுக்காகவா?

26 நவம்பர்
அந்தத் தலைப்பை விடுகிறேன் என்று லெஸ்லியிடம் சொன்னேன்.
"பெயரை மாற்றி எழுதலாமே, பெனடிக்ற்?"
"அது என்னுடைய கதை இல்லை" என்றேன். ஆங்கிலத்தில் நான் தடுமாறாமல் சொன்ன முதல் வசனம் அதுவாகத்தான் இருக்கும்.
எங்கள் மிச்சம் பகுதியில் ஒரு காலத்தில் இருந்த லாவெண்டர் வயல்களைப் பற்றி எழுதச் சம்மதித்தார். வீட்டுக்கு வந்து மலரிடம் சொன்னேன். "ஓம்" என்றாள். என் சோற்றுக் கோப்பையில் இன்னொரு கரண்டி குழம்பு விட்டாள்.

21 ஜனவரி 2025
கட்டுரை தேறிவிட்டது. 'ஒழுங்காக இருக்கிறது, உயிர் போதாது' என்று எழுதியிருக்கிறார் லெஸ்லி. சரிதான்.

9 மார்ச்
ஞாயிறு. தேவாலயத்தில் பூசை முடிந்து மிச்சம் கொமன் புல்வெளியில் நடந்தோம். முழங்கால் வலித்ததால் ஒரு மர வாங்கில் உட்கார்ந்தோம். நல்ல வெயில். தன் சப்பாத்தைப் பார்த்தபடி மலர், "அவன் சரியான பகிடிக்காரன்" என்றாள்.
யாரென்று நான் கேட்கவில்லை.
வெயில் போய்க் குளிர் ஏறும்வரை பேசினாள். சிரித்தாள், அழுதாள், திரும்பவும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது, போவமே?" என்றாள்.
அவள் சொன்ன எதையும் இங்கே எழுதப்போவதில்லை.