மைதானத்தில் அக்கா இல்லை

நேற்றுக் காலை அலமாரியைத் திறந்ததும் ஆவாரம்பட்டை வாசனை முகத்தில் அடித்தது. நீ என்னிடம் கொடுத்துவிட்டுப் போன பந்து, காற்றெல்லாம் போய்ச் சுருங்கி, பழைய ரிஜிஸ்டர்களுக்குப் பின்னால் கிடந்தது. தோல் சுருங்கினாலும் வாசனை போகவில்லை. கமிட்டிக் கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் அதையும் எடுத்துத் துணிப்பையில் போட்டுக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால் கோபத்தில்தான் என்று சொல்வேன். அதில் பாதிக் கோபம் உன் மேல். போய்ச் சேர்ந்தவர்கள் மேல் கோபப்படக் கூடாதாம். எனக்கு அந்த நல்ல குணம் இன்னும் வரவில்லை.

விஷயம் இதுதான். நாம் ஓடி ஆடிய பள்ளிக்கூடத்துக்கு இப்போது நான் தலைமை ஆசிரியை. நாம் ஆடிய மைதானத்தை ஒரு பட்டை மண்டிக்காரர் கேட்கிறார். ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்புகளுக்கெல்லாம் ஆவாரம்பட்டை அனுப்புகிறவர். அதைக் காயப்போட இடம் போதவில்லையாம். பெண்பிள்ளைகளுக்கு இவ்வளவு பெரிய மைதானம் எதற்கு என்று மனுவிலேயே எழுதியிருந்தார். அவர் பள்ளிக் கமிட்டியிலும் ஒரு மெம்பர். அவர் யார் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. பதின்மூன்று வருஷம் அவருக்குச் சோறு போட்டவள் நீ.

அந்தப் பந்து உண்டானது உனக்கு நினைவிருக்கும். பட்டணத்திலிருந்து வந்த டிரில் டீச்சர் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தார். வாங்கிய பந்து ஒரே மாதத்தில் கிழிந்துபோனது. உன் அப்பா தோல் ஷாப்பில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அங்கே கழித்துப்போட்ட ஆட்டுத்தோலைக் கேட்டு வாங்கி வந்து, தைப்பவரிடம் நீயே பக்கத்தில் உட்கார்ந்து பந்து பண்ணிக்கொண்டு வந்தாய். தோல் ஊறவைக்கும் மரத்தொட்டியின் இரும்பு வளையங்கள் இரண்டு கம்பங்களில் ஏறின. நீ கேப்டன். உன்னை யாரும் நியமித்ததாக எனக்கு நினைவில்லை.

வேலூர்ப் பள்ளியோடு ஆட முதல்முறை ரயிலேறிப் போனோமே, அந்த ஆட்டத்தில் நம்மைத் தோற்கடித்தவள் நான்தான். பந்து என் கைக்கு வந்தது. இரண்டு பேர் என்னை மறித்துக்கொண்டு நின்றார்கள். நான் பயத்தில் "அக்கா!" என்று கத்திப் பந்தை வீசினேன். நம் அணியில் என்னைவிட மூத்தவர்கள் மூன்று பேர். மூவரையும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். மூவரும் திரும்பினீர்கள். மூவரும் மற்றவளைத்தான் கூப்பிட்டேன் என்று நினைத்து நின்றீர்கள். பந்து நடுவே விழுந்து கோட்டைத் தாண்டிப் போனது.

திரும்பும் வழியில் நீ ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாள் என்னை மைதானத்தின் ஒரு மூலையில் நிறுத்திவிட்டு, நீ எதிர் மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாய்.

"கூப்புடு," என்றாய்.

"அக்கா."

நீ திரும்பவில்லை.

"என் பேரு அக்காவா? மைதானத்துல அக்காவும் கெடயாது, தங்கச்சியும் கெடயாது. பேரு சொல்லு."

மூத்தவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு எழவில்லை. அழுகைதான் வந்தது. வெயில் இறங்கும்வரை நீ முதுகைக் காட்டிக்கொண்டே நின்றாய். கடைசியில் எனக்கு எரிச்சல் தாங்காமல் உன் பெயரைக் கத்தினேன். பள்ளிக்கூடத்துச் சமையல்காரம்மா கரண்டியோடு வெளியே ஓடி வந்தாள். நீ சிரித்துக்கொண்டே திரும்பினாய். அன்றைக்குத்தான் இன்னொன்றும் சொன்னாய்: "பந்து கைக்கு வந்துட்டா யாரையும் உத்தரவு கேக்காத. போடு, இல்ல குடு." அன்று முதல் நீ எனக்கு அக்கா இல்லை.

உன் கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னால் பந்தை என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாய். பிறகு ஒரு வருஷம் கழித்து உன்னைப் பார்க்க வந்தேன். பழக்கதோஷம், வாசலிலிருந்தே உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உன் மாமியார் வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். நீ பின்னாலேயே வந்து என்னை உள்ளே இழுத்துப்போய், "இங்க யாரும் பேரு சொல்லிக் கூப்புட மாட்டாங்க," என்றாய். அப்புறம் குரலைத் தணித்து, "பந்து ஆடனது இவங்களுக்குத் தெரியாது. சொல்லிடாத, பேஜாரு," என்றாய். நானும் சரி என்று தலையாட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டு வந்தேன். அதற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

மூன்றாவது பிரசவத்தில் உனக்கு ரத்தம் நிற்கவில்லை. வேலூருக்குக் கொண்டு போகச் சொல்லி மருத்துவச்சி காலையிலேயே சொன்னாளாம். மண்டி வாசலில் மாடு பூட்டிய வண்டி நின்றிருந்ததாம். நீ சொன்னதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள்: "அவரு மெட்ராஸ்லேர்ந்து வந்துடட்டும். வந்து சொல்லட்டும்." அவர் சாயங்காலம் வந்தார். நீ மத்தியானமே போய்விட்டாய்.

கண்ணிமைக்கும் நேரத்தில் ஐந்து பேர் எங்கே ஓட வேண்டும் என்று முடிவு செய்தவள் நீ. உன் உயிர் உன் கையிலேயே இருந்தது. எதற்கு உத்தரவுக்குக் காத்திருந்தாய்? மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நேற்றுக் கூட்டத்தில் மூன்று பேர். தலைவர் துரைசாமி, டாக்டர் கரீம், உன் கணவர் கோபால். நான் எழுந்து, "ஐயா, மைதானம் போனால் பிள்ளைகளுக்கு ஓட வேறு இடம் இல்லை," என்றேன். தலைவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் உன் கணவரைப் பார்த்தார். உன் கணவர் சுவரைப் பார்த்தார். "ஐயா," என்றேன் மறுபடியும். "பாக்கலாம்மா, ஒக்காரு," என்றார் தலைவர். எனக்கு வேலூரில் நடுவே விழுந்த பந்துதான் நினைவுக்கு வந்தது.

நான் உட்காரவில்லை. "மிஸ்டர் துரைசாமி, மைதானம் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா? உங்கள் பதில் மட்டும் சொல்லுங்கள்," என்றேன்.

"இன்னாம்மா இது, பேரு சொல்லிக் கூப்புடற?"

"பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் என்பதால்."

முகம் சிவக்க, "குடுத்துடலாம்," என்றார். டாக்டர் கரீமைக் கூப்பிட்டேன். "இருக்கட்டும்மா, பசங்க ஆடட்டும்," என்றார். மிச்சம் உன் கணவர். இடத்தைக் கேட்பவரே தீர்ப்பும் சொல்லப் போகிறார். நம் கமிட்டியின் லட்சணம் அது. பையிலிருந்து பந்தை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். வியாபாரி அல்லவா, கை தானாகப் போய் எடுத்தது. முகர்ந்து பார்த்தார்.

"ஆவாரம்பட்டைல பதம் பண்ணது. நல்ல வேலை. ஏது இது?"

உன் பெயரைச் சொன்னேன். "இந்த மைதானத்தில் அவள்தான் கேப்டன்."

"யாரு?"

"உங்கள் சம்சாரம், மிஸ்டர் கோபால்."

அவர் பந்தைக் கீழே வைக்கவில்லை. "அவ பந்து ஆடுவாளா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, தன்னைத்தானே கேட்டுக்கொண்டாரா, தெரியவில்லை. அப்போது அவர் மேல் பரிதாபமும் வந்தது. அதற்காகவும் எனக்கு எரிச்சல்தான். பந்தின் தையலைத் தடவிக்கொண்டே, "பாதி போதும்," என்றார்.

பாதி. இது ஜெயமா, தோல்வியா, நீயே சொல். இன்று காலை ஆட்கள் வந்து மைதானத்தின் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் முழுக்கப் பட்டை பரப்பியிருக்கிறது. ஒரு கம்பமும் அந்தப் பக்கம் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒரே வளையத்துக்குப் பத்துப் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள். அடுத்த மாதம் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கமிட்டிக்குப் போகத்தான் போகிறேன்.

சாயங்காலம் உன் மகள் என்னிடம் வந்தாள். ஐந்தாம் வகுப்பு. இதுவரை ஓரமாக நின்று வேடிக்கை மட்டும் பார்ப்பவள். "டீச்சர், எங்க அம்மா பந்து ஆடுவாங்களாம். அப்பா சொன்னாரு," என்றாள். நான் அவளை ஆட்டத்துக்குள் அனுப்பினேன். யாரோ வீசிய பந்து அவள் கைக்கு வந்தது. பிடித்துவிட்டாள். பிடித்ததும் என்ன செய்தாள் தெரியுமா? என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்: "என்னப் பாக்காத. போடு, இல்ல குடு."

போட்டாள். வளையத்துக்குக் கிட்டேகூடப் போகவில்லை. கயிற்றைத் தாண்டி அவள் அப்பாவின் பட்டைக்கு நடுவே போய் விழுந்தது. பிள்ளைகள் எல்லாரும் கயிற்றுக்கு இந்தப் பக்கமே நின்று என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினாள். பட்டையை மிதித்துக்கொண்டே போய்ப் பந்தை எடுத்து வந்தாள்.