பிக்கப் தொட்டிக்குக் கறுப்புப் பூச்சு

மார்ச் 3

தம்பி இன்று என் பிக்கப்பின் முன்கண்ணாடியை உடைத்தான். ஜாக்கிக் கம்பியால் ஒரே அடி. செத்துப்போன அப்பா ஓட்டிய வண்டியாம், அதில் அவனுக்கும் பங்கு உண்டாம், விற்றே ஆக வேண்டுமாம். "இந்த ஓட்டை உடைசல வச்சுக்கிட்டு என்ன கிழிக்கப் போற?" என்றான். அவன் சட்டையைக் கிழித்தேன், காலரிலிருந்து பாக்கெட் வரை. முகத்திலும் நகம் பட்டது. என் முடியைப் பிடித்துக் கதவில் மோதினான். நெற்றி வீங்கி ஒரு கண் பாதி மூடிக் கிடக்கிறது. அம்மா நடுவில் விழுந்து, "முதல்ல என்னைக் கொல்லுங்க" என்று கத்தினாள். பக்கத்து வீட்டுக்காரர் வந்து பிரித்துவிட்டார். அவன் டயர் கடை மாடியில் இருக்கும் தன் அறைக்குப் போய்விட்டான்.

மார்ச் 4

கண்ணாடி மாற்றியாகிவிட்டது. மாத்திரை போட்டும் தலைவலி போகவில்லை.

மார்ச் 6

லோடு கேட்டு டைல்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் வண்டியின் பின்பக்கச் சரக்குத் தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஒரே துரு, ஓட்டை. பெட்டி வழுக்கிப் போய் டைல்ஸ் உடையுது. ரப்பர் மாதிரி கறுப்பா ஒண்ணு ஸ்ப்ரே அடிக்கிறாங்களே, அத அடிச்சுட்டு வாம்மா. இருபதாம் தேதிக்குள்ள வந்தா லோடு உனக்கு. இல்லன்னா வேற வண்டி பாத்துக்கிறேன்."

இந்த லோடு போனால் வண்டியை வைத்துக்கொள்ள எனக்கு வழியே இல்லை. அவன் நினைத்ததுதான் நடக்கும். விடமாட்டேன்.

மார்ச் 9

ஸ்ப்ரேக்காரர் வேலையைப் பங்கு பிரித்துவிட்டார். துருவைத் தேய்த்து எடுப்பது நான், அடிப்பது அவர். "தகடு சொரசொரன்னு இருக்கணும். தின்னர் போட்டுத் துடைச்சப்புறம் விரல்கூட வைக்காதீங்க. கையில இருக்கிற பிசுக்கு போதும், பூச்சு ஒட்டாது."

நாள் முழுக்க கிரைண்டர். வாயெல்லாம் துருப்பொடி. தம்பியின் மூஞ்சியை நினைத்துக்கொண்டு தேய்த்தேன். வேலை மளமளவென்று நடந்தது.

மார்ச் 11

ஓட்டைகளுக்குத் தகடு வைத்து வெல்டிங் முடிந்தது. மாலையில் தின்னர் போட்டுத் துடைத்து, தார்ப்பாயால் மூடினேன். குளித்துவிட்டு வந்தால் அம்மா சொல்கிறாள், தம்பி வந்துவிட்டுப் போனானாம். என் கண்ணில் படாமல் போனது நல்லது.

மார்ச் 12

ஸ்ப்ரேக்காரர் அவசரத்தில் வந்தார். "துடைச்சாச்சா?" "நேத்தே துடைச்சாச்சு." பூச்சுக்கான இரண்டு டப்பாவையும் கலந்துவிட்டால் நிற்க நேரமில்லை, ஸ்ப்ரே கன்னுக்குள்ளேயே இறுகிவிடுமாம். முகமூடியை மாட்டிக்கொண்டு அடித்து முடித்தார். நல்ல கறுப்பு, ஒரே சீர். இந்த வண்டியை இவ்வளவு அழகாக நான் பார்த்ததே இல்லை. நின்றபடியே அழுதுவிட்டேன்.

மார்ச் 13

உரிந்துவிட்டது. முழுசா.

ஓரத்தில் ஒரு குமிழ் தெரிந்தது. நகத்தால் நெம்பினேன். பாயைச் சுருட்டுவதுபோல் மொத்தமும் கையோடு வந்தது. அடியில் தகடு வழவழவென்று இருக்கிறது. முகர்ந்தால் எண்ணெய்.

நான் துடைத்த பிறகு இங்கே வந்துபோனவன் யார்? வேறு யார்?

வீல் ஸ்பானரோடு டயர் கடை மாடிக்குப் போனேன். கதவைத் திறந்தான். "தொட்டியில எண்ணெய் தடவினது நீதானே?" கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தான். அப்புறம், "ஆமா, நான்தான். இப்ப என்ன?"

அடித்தேன். முதல் அடி தோளில். அடுத்ததைத் தடுக்கக் கையை நீட்டினான் — எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. விழுந்தவனை உதைத்தேன். வாயில் ரத்தம். அப்படியும் உதைத்தேன். டயர் கடை ஆட்கள் ஓடிவந்து என்னை இழுத்துப் பிடித்தார்கள். அவன் திருப்பி அடிக்கவே இல்லை.

எழுத்து கோணல்மாணலா போகுது. ஆனா நிம்மதியா இருக்கு. ஆமா, எழுதுவேன் — நிம்மதியா இருக்கு.

மார்ச் 14

மணிக்கட்டு முறிவு, மாவுக்கட்டு. படியில் விழுந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னானாம். "வண்டிய வித்துக் காசு குடுன்னு கேட்டதுக்குக் கைய ஒடிப்பியாடி?" என்றாள் அம்மா. எண்ணெய் விஷயத்தை அவளிடம் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை.

மார்ச் 17

மறுபடி முதலிலிருந்து. தேய்த்து, துடைத்து முடித்தேன். தார்ப்பாயை எடுக்கத் திரும்பினால் அம்மா நிற்கிறாள். கையில் தையல் மெஷினுக்குப் போடும் எண்ணெய்ப் புட்டி, ஒரு பழந்துணி. மூன்று நாளாகப் பேசாதவள், தானே சமாதானத்துக்கு வந்திருக்கிறாள்.

"இந்தத் தடவையும் நானே தடவி வச்சிடட்டுமா? வெறும் இரும்பு, பனி பட்டா திரும்பத் துரு ஏறிடும்ல. அன்னைக்குத் தம்பிகூட, எதுக்கும்மா இதுன்னு கேட்டான்."

புட்டியைப் பிடுங்கி எறிந்தேன். அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் பட்டு உடைந்தது. அம்மா இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு தரையில் குறுகி உட்கார்ந்துவிட்டாள். அப்பா குடித்துவிட்டு வரும் நாட்களில் இப்படித்தான் உட்காருவாள்.

என்னைப் பாத்தா? என்னைப் பாத்து ஏம்மா?

மார்ச் 18

ஸ்ப்ரே அடித்தாயிற்று. காய்ந்ததும் நகத்தால் நெம்பிப் பார்த்தேன், வரவில்லை.

மாலையில் தம்பியிடம் போனேன். "நீ தடவல. அப்புறம் ஏன்டா நான்தான்னு சொன்ன?"

கட்டிலை விட்டு எழுந்திருக்கவில்லை. "எண்ணெய் பட்டா ஒட்டாதுன்னு எனக்கென்ன தெரியும்? உன் கையில ஸ்பானர் இருந்துச்சு. அம்மான்னு சொல்லியிருந்தா நேரா வீட்டுக்குப் போயிருப்ப."

"அம்மாவ நான் அடிப்பேனாடா?"

"அடிக்க மாட்டியாக்கா?"

நேற்று நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. தெரியாமலேதான் கேட்டான். நான் படியிறங்கிவிட்டேன்.

மார்ச் 20

டைல்ஸ் கடைக்காரர் தொட்டியைத் தட்டிப் பார்த்தார். லோடு எனக்குத்தான். திங்கள் முதல்.

மார்ச் 21

அம்மா விடிந்ததும் துணிமணிகளைப் பெட்டியில் எடுத்து வைத்து, தன் கட்டிலையும் வாசலுக்கு இழுத்துப் போட்டுவிட்டாள். தம்பி அறைக்குப் போகிறாளாம். "ஒத்தைக் கைய வச்சுக்கிட்டு அவன் என்ன செய்வான்?" என்றாள். அவன் கை கூடும்வரை மட்டும் என்றால் கட்டில் எதற்கு என்று நான் கேட்கவில்லை. பெட்டியையும் கட்டிலையும் நானே தொட்டியில் ஏற்றிக் கட்டினேன்.

முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டிவிடக் கையை நீட்டினேன். அம்மா சட்டென்று கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

கையை எடுத்துக்கொண்டேன். கண்ணைத் திறந்து, "விடு, நானே போட்டுக்கிறேன்" என்றாள்.