நல்ல கிருமிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? நான் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.

ஆபரேஷன் அறையைக் கழுவுகிறவளுக்குக் கிருமி என்றாலே நடுக்கம். போன பிள்ளையைப் போல இதுவும் கலைந்துவிடக் கூடாதே என்று, அங்கே கை கழுவும் மருந்துச் சோப்பால் தினமும் கீழே, உள்ளேயும் கழுவினேன். முதலில் எரிச்சல், பிறகு அடிவயிற்றில் வலி.

டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "பிள்ளைக்குக் காவலா இருந்த நல்ல கிருமியெல்லாம் நீயே கொன்னுட்டியேம்மா! இனிமே வெறும் தண்ணி போதும்."

மாத்திரை கொடுத்திருக்கிறார், பயப்படாதே. பிள்ளை அசைகிறதா என்று கவனிக்கச் சொன்னார். அதைத்தான் செய்கிறேன். நான் தங்கும் அறையில் வேறு யார் இருக்கிறார்கள்?

நீ உடுத்திய புடவை ஒன்று அனுப்பு. வேலைக்குக் கூப்பிடுகிறார்கள், முடிக்கிறேன்.

உன் மகள்

புடவையைத் துவைத்துவிடாதே, அம்மா. அப்படியே அனுப்பு.