பிடிச்சிருக்கா?

ஜூன் 4

காலையிலேயே ரகளை. இவர் பாதித் தூக்கத்தில் முட்டை பொரிக்கப் போய், சூடான வாணலியின் விளிம்பைப் பிடித்துவிட்டார். உள்ளங்கை வெந்துவிட்டது. வாணலியின் பிடியைக் கழற்றியது நான்தான். குடை, இஸ்திரிப் பெட்டி, வாளி, சூட்கேஸ் என்று உடைந்துபோன சாமான்களின் பிடிகளையெல்லாம் ஒரு பெரிய பலகையில் பதித்துக்கொண்டிருக்கிறேன். இடது மூலைக்கு ஒன்று குறைந்தது. நல்ல வாணலியில் கை வைத்துவிட்டேன்.

"உன் கலைக்கு என் கைதான் கிடைச்சுதா?" என்றார். மருந்து போடப் போனால் கையை இழுத்துக்கொள்கிறார்.

ஜூன் 5

பிடியைத் திரும்ப வாணலியிலேயே மாட்டிவிட்டேன். மூலை காலி.

ஜூன் 9

பலகை கண்காட்சிக்குத் தேர்வாகிவிட்டது! என் முதல் கண்காட்சி. மகள் கட்டிக்கொண்டு குதித்தாள். இவர் பழுதுபார்த்துக்கொண்டிருந்த ஃபேன் மோட்டாரிலிருந்து தலையைத் தூக்காமல் "ம்" என்றார்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து இதே 'ம்'தான். உப்பில்லாத சோத்துக்கும் 'ம்', எனக்கும் 'ம்'. ஊரே கைதட்டட்டும், எனக்கு இந்த மனுஷன் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வேணும் — பிடிச்சிருக்குன்னு. கேட்டா குறைஞ்சா போயிடுவேன்? கேட்க மாட்டேன்.

ஜூன் 16

பலகையை வண்டியில் ஏற்றி அனுப்பினோம். "அப்பா வருவாராம்மா?" என்றாள் மகள். "வந்தா வரட்டும், வராட்டி போகட்டும்" என்றேன். சும்மா சொன்னேன்.

ஜூன் 18

நேற்றுத் திறப்பு. ஒரு விமர்சகர் அம்மா காலி மூலையைக் காட்டி, "இழப்பை எவ்வளவு துணிச்சலா விட்டு வச்சிருக்கீங்க!" என்றார். எங்கள் வீட்டு வாணலியை நினைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அப்போதுதான் இவர் வந்தார். வேலை உடுப்போடு, கையில் தன் சிவப்பு மரப் பிடி போட்ட கருவிப் பெட்டியோடு. வீட்டில் ஒருத்தரையும் தொடவிடாத பெட்டி. பலகைக்குப் பக்கத்திலேயே 'தொடாதீர்கள்' என்று எழுதியிருக்கிறது. இவர் நேராகப் போய்க் குடைப் பிடியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினார். காவலாளி ஓடி வந்தார்.

"இது ஆடுதுங்க" என்று அத்தனை பேர் காதிலும் விழும்படி சொல்லி, பெட்டியைத் திறந்து திருகாணியை முடுக்க ஆரம்பித்துவிட்டார். ஐயோ, மானமே போச்சு! ஆனா கிட்டப் போனதும் திட்ட வரலை. வாய் தானா கேட்டுது: "பிடிச்சிருக்கா?"

குடைப் பிடியை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தார். "ம். இப்ப நல்லா பிடிச்சிருக்கு."

மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் கேட்டது என்ன, இவர் சொன்னது என்ன! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அழுகைதான் அதிகம்.

ஜூன் 19

எழுந்து வந்தால் என் மேசையில் அந்தச் சிவப்பு மரப் பிடி. துடைத்து, பக்கத்தில் திருகாணிகளையும் வைத்திருக்கிறார்.

"எதுக்குப்பா கழட்டினீங்கன்னு கேட்டேன்மா," என்றாள் மகள். "'அம்மா பலகையில இடது மூலை சும்மா கிடக்கு, ஒருத்தர் கண்ணுலயும் படலையா?'ன்னார்."

ஜன்னலுக்கு ஓடினேன். பெட்டியைக் குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தெருமுனையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.