அயனி மூட்டில் படுத்துக்கிடந்தவனுக்கு

செவ்வாய்க்கிழமை காலையில் கோயில் வளாகத்தின் பின்பக்கம் போயிருந்தேன். ஞாயிற்றுப்பள்ளிக் கட்டடத்தின் ஓட்டுக்கூரைமேல் சாய்ந்து நிற்கிறதே ஒரு வேங்கை மரம், அதன் பக்கத்தில் போனபோது கள் நாற்றம் அடித்தது. மூன்று நாள் கலயத்தில் கிடந்து புளித்த கள். சுற்றிலும் பார்த்தேன். கலயமும் இல்லை, ஆளும் இல்லை. மரத்தில் என் இடுப்பு உயரத்துக்குக் குண்டூசித் தலை அளவில் துளைகள் இருந்தன. சிலவற்றின் வாயில் சிவப்புப் பிசின். சிலவற்றிலிருந்து இடியாப்பம் பிழிந்ததுபோல் வெள்ளைத் தூள் நூல்நூலாக நீண்டு நின்றது. விரலால் தொட்டேன், உதிர்ந்தது.

உள்ளே பிள்ளைகளின் பெஞ்சுகள் வரிசையாகக் கிடந்தன.

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. இறந்தவர்களுக்கு எழுதுவதில் ஒரு வசதி உண்டு, பதில் கேட்டு வரமாட்டார்கள். நீ உயிரோடு இருந்தபோதும் என்னிடம் பதில் கேட்டவன் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம் இவ்வளவு தாமதம்.

நாம் ஒரே பெஞ்சில் படித்தோம். பிறகு நீ தடிமில்லுக்குப் போனாய், நான் தாலுகா அலுவலகத்துக்குப் போனேன். நீ மரத்தை அறுத்தாய். நான் மரத்தை அறுக்க அனுமதி கேட்கும் மனுக்களைக் கோப்பில் வைத்துக் கட்டினேன். மில்லில் லாரியிலிருந்து தடி இறங்கும்போதே மோந்து பார்த்து இது அறுவைக்கு, இது விறகுக்கு என்று நீ பிரிப்பதைப் பார்த்திருக்கிறேன். மூக்கு அவ்வளவு கூர்மையாக இருந்த காலத்திலேயே வாய் கொஞ்சம் கெட்டுப்போயிருந்தது. நன்றாகவே குடித்தாய். ஒரு பெரிய வெள்ளியன்று சபை நடுவில் எழுந்து நின்று, இனித் தொடுவதில்லை என்று சொன்னாய். தொடவும் இல்லை. நீ குடித்த நாட்கள் ஊருக்கு மனப்பாடம். நிறுத்திய செய்தியை மட்டும் இன்னும் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் புயலுக்குப் பிறகு கோயிலுக்குப் பின்னால் உள்ள காட்டில் விழுந்த மரங்கள் விழுந்தபடியே கிடந்தன. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் என்னை உள்ளே கூட்டிப்போனாய். விழுந்த மரங்களைக் காட்டத்தான் கூட்டிப்போகிறாய் என்று நினைத்தேன். நீ நிற்கிற மரங்களைக் காட்டினாய். உச்சி காய்ந்து, இலை பழுத்து, வேரடியில் ரவை கொட்டினதுபோல் தூளோடு நின்றன. பட்டையைப் பெயர்த்து உள்ளங்கையில் ஒரு வண்டை வைத்தாய். அரிசி மணியைவிடச் சின்னது.

"இதா இத்தன மரத்தையும் தின்னுது?" என்று கேட்டேன்.

"இது மரத்தத் திங்காது மக்கா. துளைச்சு உள்ள போயி பூசணம் நடும். அந்தப் பூசணத்தத்தான் திங்கும். வெவசாயி லே இவன். பூசணம் மரத்துக்கு வெள்ளம் ஏறவிடாம அடைச்சுப்போடும்."

"எல்லா மரத்துக்கும் வருமா?"

"நல்ல தண்டி மரத்துக்க கிட்ட வராது. காயம் பட்டது, வேரு ஆடினது, அது புளிச்ச வாடை விடும். அந்த மணத்துக்கு வரும். குடிகாரன குடிகாரன் மோந்து பிடிக்கது மாதிரிதான்."

சிரித்தாய். பிறகு வளாகத்துக்குத் திரும்பி வந்து, அசனம் நடக்கும் முற்றத்தில் நிற்கிற பெரிய அயனி மரத்தின் கீழே சிரிப்பை நிறுத்தினாய். வெட்டுகத்தியின் முதுகால் தட்டினாய். நனைந்த மண்சுவரைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. சுற்றிச் சுற்றித் தட்டினாய், எல்லாப் பக்கமும் அதே சத்தம். "அசனத்துக்கு எத்தன நாளு இருக்கு?" என்று கேட்டாய். பன்னிரண்டு நாள் இருந்தது.

சபை முழுவதும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் அசன நாளில், அயனி மூட்டில்தான் பந்திப்பாய் விரிப்பது வழக்கம். மரத்தடியை மூடு என்று சொல்லாத ஊரில் இந்தக் கதையைச் சொன்னால் பாதி விளக்கத்திலேயே போய்விடும். மூன்று பந்தி, குழந்தைகளோடு ஊரே அதில் உட்காரும். நிழலுக்காக அங்கே உட்காருகிறோம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள், பாரம்பரியம் என்பார்கள்.

கமிட்டிக்கு உன்னைக் கூட்டிப்போனவன் நான். நான் செயலர், நடவடிக்கைப் புத்தகம் என் கையில். தலைமையில் போதகர். எதிரே, கத்தாரிலிருந்து திரும்பிவந்த நாள்முதல் எதற்கும் ஆதாரம் கேட்கும் ஜாண்சன்.

"ஐயரே, அந்த அயனி கள்ளு நாறுது," என்று போதகரிடம் சொன்னாய். "உள்ள வண்டு கேறியாச்சு. அதுக்க மூட்டுல பந்தி போடப்பிடாது."

"நாறுதது மரமா வேய், ஆளா?" என்றார் ஜாண்சன். கமிட்டி சிரித்தது.

"மரம். வந்து மோந்து பாரும்."

"மிஷனரி தொரை கையால நட்ட மரமாக்கும் அது."

"அயனி நடதுக்கா தொரை கப்பல் கேறி வந்தாரு? காடு நட்ட மரம் ஓய். அதுக்க நெழலப் பாத்துதான் தொரை கோயிலு கெட்டினாரு."

"எவிடென்ஸ் உண்டுமா?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். விழுந்த மரத்துக்கு ஒரு படிவம் உண்டு, வெட்டப்போகும் மரத்துக்கு ஒரு படிவம் உண்டு, விழப்போகும் மரத்துக்குப் படிவம் கிடையாது என்பதை வாழ்நாள் முழுவதும் பார்த்தவன் நான். மரத்தைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "ஒரு சந்தேகம் வேண்டாம். நீ ஊதிக் காட்டிரு லே."

உன் பக்கம் நின்று பேசுவதாகவே நினைத்தேன். நீ என்னை ஒரு நிமிஷம் பார்த்தாய். பிறகு எழுந்து வந்து என் முகத்தில் ஊதினாய். மத்தியானம் சாப்பிட்ட சாளைமீன் கறி மணந்தது, குடம்புளி கூடுதலாகப் போட்டது.

"குடிக்கல்ல," என்று அறிவித்தேன். எல்லாருக்கும் நிம்மதி. நீ குடிக்கவில்லை என்று நிரூபணமானதோடு விஷயமும் முடிந்துவிட்டது. மரத்தை மறந்துவிட்டார்கள். ‘அயனி மரம் குறித்துப் பேசப்பட்டது. அசனத்துக்குப் பிறகு பரிசீலிக்கலாம் என்று தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும்.

வெளியே வந்ததும், "உனக்கும் சந்தேகம் உண்டும், இல்லியா?" என்று கேட்டாய்.

"இல்லடே, அவங்களுக்கு வேண்டித்தான்..."

"செரி, செரி."

அசனத்தன்று காலையில் ஜெபம் முடிந்து பாய் விரிக்கப் போனவர்கள் சத்தம் போட்டார்கள். ஓடி வந்து பார்த்தேன். வெள்ளைச் சட்டையும் வேட்டியுமாக அயனி மூட்டில் மல்லாந்து கிடந்தாய். வேட்டி ஒழுங்காக இல்லை. ஜாண்சனின் தகப்பனார் கோயில் ஓடு களவாண்ட கதையை ஒலிபெருக்கிக்கு வேலையில்லாதபடி சொல்லிக்கொண்டிருந்தாய். பெண்கள் பிள்ளைகளின் காதைப் பொத்தினார்கள். "பாய எடுங்க, இஞ்ச வேண்டாம், பள்ளிக்கூட வராந்தாவுக்குப் போவோம்," என்று யாரோ சொல்ல, ஊர் எழுந்து நடந்தது. மரம் விழும் என்று நீ சொன்னபோது ஒரு பாய்கூட நகரவில்லை. மரியாதை விழும் என்றதும் பத்தே நிமிஷத்தில் முற்றம் காலி.

உன்னை அப்புறப்படுத்த என்னை அனுப்பினார்கள். குனிந்து தோளைப் பிடித்தேன். கண்ணைத் திறந்தாய், தெளிந்த கண்.

"தொடாத. நான் எழும்பினா அவ்வளவு பேரும் திரும்பி வருவானுவ."

பழங்கஞ்சியும் நேற்றைய சாளையும் மணந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"மரம் உனக்கு மேலதானே லே நிக்குது!"

"அதுதான் பயமாட்டு இருக்கு. நீ போயி வெளம்பு, போ."

போனேன். மூன்று பந்திக்கும் வராந்தாவில் சாம்பார் வாளியோடு நடந்தேன். ஒவ்வொரு வரிசை முடிவிலும் தூண் ஓரத்தில் நின்று உன்னைப் பார்த்தேன். இரண்டாவது பந்தியில் காற்று எழும்பியது. அயனியின் உச்சியிலிருந்து நெடுமூச்சுபோல் ஒரு முறுக்கல் கேட்டது. இலைக்கு முன் இருந்த ஒருவருக்கும் அது கேட்கவில்லை, பாயசம் வந்திருந்தது. உன் சட்டைமேல் தூள் விழுந்துகொண்டே இருந்தது. நீ கையை நெஞ்சில் கோத்துக்கொண்டு உச்சியையே பார்த்துக் கிடந்தாய். இடைக்கிடை நினைவு வந்ததுபோல் ஜாண்சனின் தகப்பனாரைத் திட்டினாய். எனக்கு வாளி கனத்தது. ‘அவன் குடிக்கவில்லை, மரத்தைப் பாருங்கள்’ என்று கத்த வாயெடுத்தேன். கத்தினால் உன்னைத் தூக்கிவிட்டுப் பாயை அங்கே விரித்துவிடுவார்கள் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு இரண்டு கரண்டி சாம்பாரைக் கூடுதலாக ஊற்றினேன்.

மரம் விழவில்லை. கடைசி இலை எடுத்தபிறகு எழுந்து, தூளைத் தட்டி, நேராக நடந்து வீட்டுக்குப் போனாய். அவ்வளவு நேராக நடந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் ஆறு மாதம் உனக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் இல்லை என்று ஒழுங்கு நடவடிக்கை. ‘குடிபோதையில்’ என்ற சொல்லை என் கையால் எழுதினேன். எழுதுவதற்கு முன் உன்னிடம் வந்தேன். "எழுது மக்கா. மரம் விழட்டு, பெறவு பாக்கலாம்," என்றாய்.

அசனம் கழிந்து ஒன்பதாம் நாள், காற்றே இல்லாத ஒரு பிற்பகலில், அயனி இடுப்பில் முறிந்து விழுந்தது. பந்தி போடும் முற்றத்தை நீளவாக்கில் மூடிக்கொண்டு கிடந்தது. முறிந்த இடத்தில் உளுத்து, கறுத்து, தேன்கூடுபோல் துளைகள். ஆளில்லாத நேரத்தில் விழச்செய்த ஆண்டவருக்குச் சபை ஸ்தோத்திரம் செலுத்தியது. அந்த ஸ்தோத்திரத்தையும் நான்தான் எழுதினேன்.

அன்று சாயந்தரம் உன் வீட்டுக்கு வந்து, உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேண்டாம் லே. இப்பம் சொன்னா, குடிக்காம குடிச்சதாட்டு நடிச்சதுக்கு இன்னொரு ஆறு மாசம் போடுவானுவ," என்று சிரித்தாய். வேடிக்கையாகச் சொன்னாய். நான் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டேன். கமிட்டியில் ஊதிக் காட்டிய மனிதன் சொன்னதுதான் நடந்தது என்று எழுதவேண்டி வந்தால், ஊதச் சொன்னது யார் என்றும் எழுதவேண்டி வரும்.

உன் அடக்கத்துக்கு ஊரே வந்திருந்தது. கல்லறைத் தோட்டத்தில் எனக்குப் பின்னால் ஜாண்சன் மெதுவாகச் சொன்னார்: "நல்ல மனுசன். அந்த ஒரு நாளு மட்டும் சறுக்கிப்போனாரு." தலையாட்டினேன். அந்தத் தலையாட்டல் இன்னும் என் கழுத்தில் இருக்கிறது.

இந்த ஞாயிறு பகலில் ஆராதனை முடிந்து கமிட்டி. போவதற்கு முன் உன் வீட்டில் நுழைந்தேன். உன் மனைவி லில்லி அடுக்களையில் நின்றாள்.

"சாளைக் கறி உண்டுமா?"

"உண்டு. என்னத்துக்கு அண்ணே?"

"கமிட்டிக்குப் போவணும்."

 இலையைப் போட்டாள். சோற்றில் கறியை ஊற்றினாள். "இன்னும் ரெண்டு மீனு வைக்கட்டா? மணம் நிக்கும்," என்றாள். இத்தனை வருஷமும் அவளுக்கு எல்லாம் தெரியும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

கூட்டத்தில் பழைய நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்து வைத்தேன். அசனத்தன்று நீ குடித்திருக்கவில்லை, எனக்கு அது அன்றைக்கே தெரியும், இந்தச் சொல் பொய், எழுதியவன் நான் என்றேன். 

"இத்தன காலம் களிஞ்சு இப்பம் எதுக்கு சாரே?" என்றார் ஜாண்சன்.

"ஞாயிற்றுப்பள்ளி வேங்கை கள்ளு நாறுது. பிள்ளைகள அதுக்க கீழ இருத்தப்பிடாது."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அதற்குள் நானும் ஒரு காலத்தில் உட்கார்ந்திருந்தவன். கடைசி நாற்காலியில் ஒருவர் தொண்டையைச் செருமினார். கேள்வி வருவதற்குள் எழுந்தேன். மேசையைச் சுற்றிப் போய்ப் போதகர் முன்னால் நின்று, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, அவர் முகத்தில் ஊதினேன்.

போதகர் மூக்கைப் பொத்திக்கொண்டார். "சாளை," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. ஜாண்சன் எழுந்து ஜன்னல் பக்கம் போய் வேங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "பிள்ளைகள வாற ஞாயிறுல இருந்து கோயிலுக்குள்ள இருத்துவோம்," என்றார். பிறகு, என்னைப் பார்க்காமல், "வாரும், அந்த மரத்த ஒண்ணு மோந்து பாப்போம்," என்றார்.

புறப்படும் முன் பழைய பக்கத்தில் ‘குடிபோதையில்’ என்பதை ஒரு கோட்டால் அடித்தேன். நடவடிக்கைப் புத்தகத்தில் அடிக்கக்கூடாது, திருத்தம் வேறு தீர்மானமாக வரவேண்டும் என்பது விதி. அடித்ததன்மேல் போதகர் சொன்ன சொல்லை எழுதிக் கையொப்பம் போட்டேன்.