எம் பொண்ணு கம்பெனி

கள்ளக்குறிச்சி
26.2.2025

அன்பு மகள் அப்ரினுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பெங்களூரில் குளிர் விட்டதா? போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். அதனால்தான் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஹஜ்ஜுக்காக நாங்கள் சேர்த்த பணம் முழுவதையும் போன வருஷம் உன் கம்பெனி ஷேரில் போட்டேன். பேங்கில் கிடந்தால் வட்டி சேரும். ஹராமான வட்டிக் காசில் மக்கா போக முடியுமா? இப்போது விலை தினமும் இறங்குகிறது. செருப்புக் கடை அப்சல் தன் ஷேரை எல்லாம் விற்றுவிட்டு வந்து, "இன்னா பாய், நீ இன்னும் வெளிய வரலியா?" என்றான். "எம் பொண்ணு உள்ள வேலை செஞ்சிக்கினு இருக்கா, நான் எப்பிட்றா வெளிய வர்றது?" என்றேன்.

அம்மாவுக்கு இது தெரிய வேண்டாம்.

துஆவுடன்,
அத்தா ஜான் பாஷா


பெங்களூரு
3.3.2025

அன்புள்ள அத்தாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

கடை முகவரிக்கே எழுதுகிறேன். நேற்று நோன்பு திறந்ததும் உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஹஜ் பணத்தையா போட்டீர்கள்?

விற்றுவிடுங்கள் அத்தா. வெளிநாட்டிலிருந்து கம்பெனிக்கு வரும் வேலை குறைந்துவிட்டது, ஆட்களையும் குறைக்கிறார்கள். வாங்கிய விலை திரும்ப வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் மகள் இருப்பதால் அது நல்ல கம்பெனி ஆகிவிடாது.

அப்ரின்


கள்ளக்குறிச்சி
2.4.2025

அன்பு மகளுக்கு,

பெருநாளுக்கு வந்து நீ கிளம்பிய பிறகு வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

விற்க மாட்டேன். இருபத்தெட்டு வருஷமாகப் பாத்திர வியாபாரம் செய்கிறேன். எவர்சில்வர் விலை இறங்கியபோது கடையையா மூடினேன்? இன்னும் நாலு மூட்டை இறக்கினேன். நேற்று உன் கம்பெனி ஷேரையும் இன்னும் கொஞ்சம் வாங்கினேன்.

காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதலில் போனில் அந்த விலையைத்தான் பார்க்கிறேன். இறங்கிச் சிவப்பாக இருந்தால் உனக்கே காய்ச்சல் வந்த மாதிரி இருக்கிறது. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையை விட்டுவிட்டு ஓடச் சொல்கிறாயா?

துஆவுடன்,
அத்தா


பெங்களூரு
4.4.2025

அத்தா,

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நான் அந்தக் கம்பெனியில் இல்லை. பொங்கலுக்கு முந்தின வாரமே என்னையும் சேர்த்து நாற்பது பேரை அனுப்பிவிட்டார்கள். பெருநாளன்று மருதாணிக் கையோடு லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேனே, அது வேலை தேடிக்கொண்டு.

கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் நீங்கள் "எம் பொண்ணு கம்பெனி" என்று சொல்கிறீர்கள். நான் எப்படிச் சொல்வேன்? உங்கள் பணத்தைவிட என் வெட்கம் எனக்குப் பெரிதாகப் போய்விட்டது. மன்னித்துவிடுங்கள்.

ஒன்றுதான் கேட்கிறேன். கோபத்தில் விற்காதீர்கள். கொஞ்சம் ஏறுகிற நாளாகப் பார்த்து விற்றுவிடுங்கள்.

அப்ரின்


கள்ளக்குறிச்சி
9.4.2025

மகளே,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. படித்து முடித்து, நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் விற்றேன். அன்றைக்குத்தான் இருப்பதிலேயே மோசமான விலையாம். மறுநாள் ஏறிவிட்டது என்று அப்சல் ஓடி வந்து சொன்னான். "ஏறட்டும்டா. எம் பொண்ண வெளிய அனுப்புனவன் ஷேரு எனக்கு ஒரு நாள்கூட வேணாம்" என்றேன். மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. எனக்கு வருத்தமில்லை. வெட்கப்பட வேண்டியதும் நீ இல்லை.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இன்று காலை டீயை வைத்துவிட்டு, "ஹஜ்ஜுக்கு ரெண்டு வருசம் கழிச்சிப் போலாம். மூணு மாசமா அந்தப் பொண்ணு இன்னா சாப்டுச்சின்னு கேட்டீங்களா?" என்றாள்.

நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அத்தா


பெங்களூரு
16.6.2025

அன்புள்ள அத்தாவுக்கும் அம்மாவுக்கும், அஸ்ஸலாமு அலைக்கும்.

நன்றாகச் சாப்பிடுகிறேன். வேறு வேலை கிடைத்து, போன வாரம் சேர்ந்துவிட்டேன். சம்பளம் கொஞ்சம் கம்மி. ஆனாலும் மாதாமாதம் ஹஜ்ஜுக்கு என் பங்கு வரும். அம்மா கையில்தான் கொடுப்பேன்.

எந்தக் கம்பெனி என்று மட்டும், அத்தா, நீங்கள் எத்தனை தடவை கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

உங்கள்
அப்ரின்